நாற்பத்தொரு பேர் ஏறின சின்ன பஸ்

பிராண்டே,
டென்மார்க்.
25.05.1986

அன்புள்ள மகன் குணசேகரத்துக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பிள்ளையளும் லுசாக்காவில ஒரு காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்கிறியள் எண்டு நம்பிக்கொண்டு எழுதுறன். இஞ்ச எங்களுக்கும் உடம்பில ஒரு குறையுமில்லை, குழப்பமெல்லாம் என்ர தலைக்குள்ளதான். நீ பஸ் திருத்துற இடத்தில பதினொரு வருசமாய் நிக்கிறவன், இது உனக்குத்தான் விளங்கும், அதால உன்னைக் கேக்கிறன். முதல்ல அண்டைக்கு, சித்திரை மாதம் இருபதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அந்த பஸ்ஸுக்குள்ள ஆர் ஆர் இருந்தது எண்டு சொல்லிப்போட்டு மற்றதுக்கு வாறன், ஏனெண்டால் இப்ப ஆளாளுக்கு ஒரு எண் சொல்லினம், நான் சொல்லுறதுதான் சரி. றைவர் சீற்றில உன்ர தம்பி சிவானந்தன். பின்னால நான், மருமகள் புஷ்பராணி, பேத்தி வதனி, கைக்குழந்தை, நாலு பேர். இராசரத்தினமும் பெண்சாதியும் மூண்டு பிள்ளையளும், அஞ்சு. பெந்தகொஸ்தே சபைக்குப் போற மரியரட்ணம், பெண்சாதி, மாமி, நாலு பிள்ளையள், ஏழு. ஒரே வீட்டில சமைச்சுச் சாப்பிடுற பெடியள், யோகராஜாவோட சேர்த்துப் பதினொரு பேர். ஹேர்னிங்கில இருந்து வந்த தேவராசாவின்ர ஆக்கள் பதினாலு, அவ்வளவு பேரும் எட்டுப் பேர் இருக்கிற வான் ஒண்டுக்குள்ள வந்தவை. கூட்டிப் பார், நாற்பத்தொண்டு வரும், றைவரைச் சேர்க்கேல்லை. அந்த பஸ்ஸில சீற் இருபத்திரண்டு.

என்னத்துக்கு ஏறினது எண்டு கேப்பாய். இஞ்ச பிள்ளையளுக்கெண்டு கட்டின பெரிய விளையாட்டுப் பூங்கா ஒண்டு கிட்டடியில இருக்கு, வைகாசியில திறந்து ஐப்பசியில பூட்டுவினம். சனம் காரை அங்காலை ஒரு புல்வெளியில விட்டிட்டு வரவேணும், அங்கயிருந்து வாசலுக்கு ரெண்டு கிலோமீற்றர். அந்த ரெண்டு கிலோமீற்றருக்கும் ஏத்தி இறக்கிறதுக்கெண்டே பஸ் வைச்சிருக்கினம், ரிக்கற் கிடையாது. அந்த பஸ் ஓட்டுற கொம்பனியிலதான் தம்பி போன வருசம் தொடக்கம் பஸ் கழுவுறான், டீசல் அடிக்கிறான், எந்த பஸ் எத்தினை லீற்றர் குடிச்சுது எண்டு கொப்பியில எழுதுறான். அவையிட்டை இருந்தது பழைய பெரிய பஸ். நாற்பத்தெட்டு சீற், ஆனால் முன்னால ஒடுங்கின கதவு ஒண்டுதான், ஏற மூண்டு படி. ஒரு தாய் பிள்ளை வண்டிலைத் தூக்கி ஏத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு தேவாரம் பாடி முடிச்சிடுவன். சனம் நிரம்பு மட்டும் எஞ்சினை நிப்பாட்டாமல் நிண்டு டீசல் குடிக்கும். இவன் ஒரு வருசம் எழுதின கொப்பியைக் கொண்டுபோய் மேலாளர் ஹென்னிங்குக்குக் காட்டி, சின்ன பஸ் அஞ்சு வாங்கினால் அஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு போய் வரும், சனமும் குளிருக்க நிக்காது, டீசலும் பாதி போதும் எண்டு சொல்லியிருக்கிறான். அந்த மனுசன் காது குடுத்துக் கேட்டவர், அதையும் சொல்லத்தான் வேணும். அஞ்சு பஸ் வந்தால் அஞ்சு றைவர் வேணும், அதில ஒரு இடம் இவனுக்கு எண்டு கதை. பெரிய லைசன்ஸ் ரெண்டு தரம் தவறி மூண்டாம் தரம் மாசி மாதம் எடுத்தவன். ஒரு வருசமாய் ஈரக் கையோட வீட்டை வந்தவன், இனிக் கை காய்ஞ்சு வருவான் எண்டு புஷ்பராணி அயலட்டைக்கெல்லாம் சொல்லிப்போட்டாள். அப்ப அந்த ஞாயிற்றுக்கிழமையில என்ன கிடந்தது எண்டு உனக்கு விளங்கும்.

ஓட்டிப் பாக்கிறதுக்கெண்டு சின்ன பஸ் ஒண்டைக் கொண்டுவந்து விட்டிருந்தவை. நல்ல வடிவான பஸ், பொய் சொல்லக்கூடாது. நிலத்தில இருந்து ஒரே ஒரு படி, என்ர முழங்காலுக்கே நோகேல்லை. முன்னுக்கும் நடுவிலயும் அகலமான மடிப்புக் கதவு ரெண்டு, வண்டில் வைக்க வெறும் இடம், கண்ணாடி கீழ வரைக்கும் இறங்கியிருக்கு, கைக்குழந்தையும் வெளியில பாக்கும். முந்தின கிழமை வெள்ளைக்கார வேலையாக்களின்ர குடும்பங்கள் பெரிய பஸ்ஸில ஏறிப் பத்துத் தரம் போய் வந்து டீசல் அளந்தாச்சு. சின்ன பஸ்ஸுக்கு இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா எண்டு ஹென்னிங் தம்பியிட்டைச் சொன்னது. இவன் யோகராஜாவிட்டைச் சொல்ல, யோகராஜா ரெலிபோனில தேவராசாவிட்டைச் சொல்ல, தம்பிக்கு ஒரு உதவியெண்டால் வராமல் இருக்கிறதோ எண்டு நாற்பத்தொரு பேர் வந்து நிக்கினம். இடியப்பமும் கட்டிக்கொண்டு வந்தவை.

தம்பி இருபத்திரண்டு பேரை மட்டும் ஏறச்சொன்னவன், அதை நான் சாமிக்கு முன்னாலயும் சொல்லுவன். மற்ற ஆக்கள் நிண்டு பாருங்கோ எண்டான். அப்பதான் இராசரத்தினம் நடுக்கதவில ஏறி நிண்டுகொண்டு, சும்மா இரும் தம்பி, நான் பதினெட்டு வருசம் கொண்டக்டராய் இருந்தவன், உமக்கு பஸ் ஏத்தத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுத் துவங்கினார். உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ, நடுவில இடம் கிடக்கு, ரெண்டு பேர் சீற்றில மூண்டு பேர் இருங்கோ, பிள்ளையளை மடியில தூக்குங்கோ எண்டு அதே பழைய குரல். மரியரட்ணம் ஒரு சட்டம் பேசுற மனுசன், அவரே வாயை மூடிக்கொண்டு மாமியை மடியில இருத்தாத குறையாய் ஒதுங்கினார். பெரியாக்கள் சொல்லேக்க தம்பி எதிர்த்துக் கதைக்கமாட்டான், கண்ணாடியில எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவன் பேந்து எஞ்சினை ஸ்ராட் பண்ணிப்போட்டான். பத்துத் தரம் போய் வந்தம், நாற்பது கிலோமீற்றர். வதனி என்ர சேலையில சத்தி எடுத்தாள். ஒருத்தரும் இறங்குறன் எண்டு சொல்லேல்லை. இறங்கினால் தம்பிக்கு உதவாத ஆள் எண்டு பேர் வந்திடுமெல்லோ.

இராசரத்தினத்தை உனக்கு ஞாபகமிராது, எனக்கு இருக்கு. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொராம் ஆண்டு, மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை. உனக்கு எட்டு வயசு, நெருப்பாய்க் காயுது, உன்னைத் தோளில போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக மீசாலைச் சந்தியில நிக்கிறன். பஸ் வந்தது. இடமில்லை எண்டு சொல்லி மணி அடிச்சு விட்டவன் இவன்தான், அப்ப மீசை சரியாய் முளைக்கேல்லை. நான் ஒரு மணித்தியாலம் மழைக்குள்ள நிண்டனான். பிராண்டேயில முதல் நாள் கண்ட உடனையே ஆளைப் பிடிச்சிட்டன், மனதில வைச்சுக்கொண்டன்.

இனித்தான் கேள். பஸ் கராஜுக்கு வந்து நிண்டது. ஹென்னிங் கையில அளவுச்சாடியோட நிக்கிறார். ரெண்டு கதவும் திறந்து நாங்கள் இறங்க இறங்க அந்த மனுசன் வாயைத் திறந்தது மூடேல்லை, விரலை நீட்டி எண்ணுறார். எண்ணி முடிச்சுக் கையை விரிச்சு பஸ்ஸையும் எங்களையும் காட்டி என்னவோ கேட்டார். முகம் சிரிச்ச மாதிரித்தான் கிடந்தது, இந்த நாட்டு ஆக்களுக்குக் கோபமெண்டாலும் குரல் எழும்பாது, அது எனக்கு அப்ப தெரியாது. இவ்வளவு பேரை இந்தச் சின்ன பஸ்ஸில ஏத்தினது ஆர், அந்தக் கெட்டிக்காரன் ஆர் எண்டு கேக்கிறார் எண்டுதான் நான் நினைச்சன். இராசரத்தினம் சேட்டுக் கொலரைச் சரிபண்ணிக்கொண்டு, மாலை வாங்கப் போற ஆள் மாதிரி ஒரு அடி முன்னுக்கு வைச்சுக் கையை உயர்த்தினார். எனக்குப் பத்தி எரிஞ்சுது. என்ர மகன் ஒரு வருசம் எழுதின கொப்பிக்கு உவருக்கோ பேர் எண்டு, அவரைத் தள்ளிப்போட்டு முன்னுக்குப் போய், சிவானந்தனைக் கையால காட்டி, மின் ஸொன், மின் ஸொன் எண்டு ரெண்டு தரம் சொன்னன். என்ர மகன் எண்டதுக்கு டெனிஷில அப்பிடித்தான். எனக்குத் தெரிஞ்ச அஞ்சு டெனிஷ் சொல்லில அது ரெண்டு. சொல்லி நெஞ்சிலயும் தட்டினன். தம்பி என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இப்பவும் எனக்குச் சோறு இறங்க விடுதில்லை.

இப்ப நீ எனக்கு விளங்கப்படுத்தவேண்டியது இதுதான். பெரிய பஸ் நாற்பத்தெட்டுப் பேரோட பதின்மூண்டு லீற்றர் குடிச்சது. எங்கட பஸ் நாற்பத்தொரு பேரோட ஒன்பது லீற்றர். ஒரு லீற்றர் டீசல் நாலரைப் பேரைக் கொண்டுபோயிருக்கு, பெரிய பஸ்ஸில ஒரு லீற்றருக்கு நாலு பேர் கூட இல்லை. அப்ப நாங்களெல்லோ வெண்டது? அதுக்குப் பிழை எண்டு எழுதினவை. ஸ்பிறிங் தட்டையாகி பஸ்ஸின்ர அடி ரயரோட தேய்ஞ்சதாம், பிரேக் மணத்ததாம், நடுக்கதவு கடைசி மட்டும் சரியாய்ப் பூட்டேல்லையாம், நெருப்புப் பிடிச்சால் எத்தினை நிமிசத்தில இறங்கியிருப்பியள் எண்டும் ஹென்னிங் கேட்டவராம். புஷ்பராணிதான் இதெல்லாம் சொன்னவள், தம்பி அண்டைக்குச் சாப்பிடாமல் படுத்திட்டான். அடுத்த ஞாயிறு திரும்பவும் சோதினை. இந்தத் தரம் ஆக்களே வேண்டாமாம், மண் மூட்டை. ஒவ்வொரு மூட்டையும் எழுபத்தஞ்சு கிலோ, ஒவ்வொரு சீற்றிலயும் ஒவ்வொண்டு, இருபத்திரண்டையும் தூக்கி வைச்சதே உன்ர தம்பிதான். மூட்டை மடியில மூட்டை இருக்கக்கூடாதாம். ஆறு லீற்றர் போச்சுதாம். ஆறு லீற்றருக்கு இருபத்திரண்டு மூட்டை எண்டால் லீற்றருக்கு நாலு மூட்டை கூட இல்லை, எங்களிலும் குறைவு. அதை நல்ல பஸ் எண்டு எழுதிப்போட்டினம். பஸ்ஸில பாதி இடம் வெறுமையாய்க் கிடக்க நிரம்பியிட்டுது எண்டு சொல்லுறது என்ன நியாயம் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. சட்டம் எண்டால் சட்டம், ஆனால் ரோட்டில நிக்கிற சனம் என்ன செய்யிறது?

முடிவு போன செவ்வாய்க்கிழமை வந்தது. சின்ன பஸ் அஞ்சும் வாங்கியாச்சு, அவன் சொன்ன அதே பஸ்தான். றைவர் அஞ்சு பேரையும் வேற ஆக்களாய்ப் போட்டாச்சு. இவன் அந்த அஞ்சையும் கழுவவேணும். அளவுக்கு மிஞ்சி ஏத்துற றைவரை நம்பிப் பிள்ளையளை விடேலாது எண்டு எழுதியிருக்காம்.

நேற்றுப் பின்னேரம் இராசரத்தினம் வீட்டை வந்தார். நான் உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லேல்லை, வாசலில நிண்டுதான் கதைச்சது. சோதினைக்கு அடுத்த நாள் திங்கட்கிழமையே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஹென்னிங்கிட்டைப் போனவராம், ஒருத்தருக்கும் சொல்லாமல். நான்தான் ஏத்தினனான், றைவர் வேண்டாம் வேண்டாமெண்டு சொன்னவன், பிழை என்னில எண்டு தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னவராம். முடிவு வந்த பிறகு புதன்கிழமை திரும்பவும் போனவராம். ரெண்டு தரமும் ஹென்னிங் ஒரே மறுமொழிதானாம். நீர் நல்ல சிநேகிதன், அவனைக் காப்பாத்த வாறீர், ஆனால் பெத்த தாயே முன்னுக்கு வந்து தன்ர மகன்தான் எண்டு கையால காட்டினவ, தாய் தன்ர பிள்ளையில பொய்ப் பழி போடுவாவோ எண்டு கேட்டவராம். இதைச் சொல்லிப்போட்டு அந்த மனுசன், அக்கா, நான் அண்டைக்குக் கையை உயர்த்தினது பிழை என்னில எண்டு சொல்லத்தான், உங்களுக்கு அது விளங்கேல்லை எண்டார். டெனிஷ் கதைக்க வராட்டிலும் கேட்டால் ஓரளவு விளங்கிற ஆளெல்லோ, இந்தப் பிழையைச் செய்தது ஆர் எண்ட கேள்வி அவருக்கு விளங்கியிருக்கு. பேச்சு வாங்கத்தான் முன்னுக்கு வந்திருக்கிறார். கொலரைச் சரிபண்ணினது பயத்திலயாம். நான் பிறகு அவரை உள்ளுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். இருபத்தஞ்சு வருசத்துக் கோபத்தை ஒரு தேத்தண்ணியோட விடுறது எனக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனால் விட்டிட்டன். அவர் போன பிறகு தம்பியிட்டை, நான் வந்து ஹென்னிங்குக்குச் சொல்லுறன், வதனியைக் கூட்டிக்கொண்டு போறன், அவள் டெனிஷில சொல்லுவாள் எண்டு கேட்டன். வேண்டாம் அம்மா, இனி நீங்கள் மாத்திச் சொன்னாலும் மகனுக்காகச் சொல்லுறா எண்டுதான் நினைப்பினம், விடுங்கோ எண்டான். ஒரு சொல்லுக் கோபமாய்ச் சொல்லேல்லை. பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பன்.

நீ அங்க தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடி, நுளம்பு வலை கிழிஞ்சால் தைக்கிறன் தைக்கிறன் எண்டு வைச்சிராதை. மருமகளைப் பிரஷர் குளிசை நேரத்துக்குப் போடச்சொல்லு. பெரியவனுக்குத் தமிழ் எழுத்து விடாமல் சொல்லிக்குடு, இஞ்ச வதனி நான் தமிழில கேக்க டெனிஷில மறுமொழி சொல்லுறாள், அதில எது ஓம், எது இல்லை எண்டே எனக்குத் தெரியாது. தம்பிக்கு ஒரு கடிதம் போடு, பஸ் வேலையைப் பற்றி அவனைக் கொஞ்சம் கேள், அவன் கதைக்கட்டும், நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாதை. லீற்றர்க் கதையை எனக்கு வேறயாய், விளங்கிற மாதிரி, பெரிய எழுத்தில எழுது. முருகன் உன்னையும் பிள்ளையளையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும், நீங்கள் ஆயுசோட இருக்கவேணும். இராசரத்தினத்தில எனக்கு இனி ஒண்டுமில்லை, ஹென்னிங்கிலயும் இல்லை, அந்த மனுசன் ஒரு தாயின்ர சொல்லை நம்பினது. அண்டைக்கு நிண்ட அவ்வளவு பேரிலயும் நான் சாகுமட்டும் மன்னிக்காத ஆள் ஒண்டுதான் மிச்சம்,

உன்ர அம்மா,
மனோரஞ்சிதம்.