வழிமொழியாமல் போன அக்காவுக்கு

என் கோபக்கார அக்கா பவானிக்கு, உன்னைவிடக் கோபக்காரியாகிவிட்ட தங்கச்சி எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் தோற்றுப் போனேன். நகரசபைத் தேர்தலில் நாங்கள் இருக்கிற டூங்கபிப் பக்கத்துக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று கிளை உறுப்பினர்கள் போடுகிற வாக்கு. நாலு வருடத்துக்கு முதல் நீ நின்ற அதே போட்டி, அதே மண்டபம். எதிரில் நின்றவரும் அதே கார்த்திகேயன்தான். எத்தனை வாக்கால் என்றுதானே முதலில் கேட்பாய்? பதினொன்று. நீ தோற்றது பதினாறால். அந்தளவில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி.

சிரிக்காதே. உன்னை ஏசத்தான் இந்தக் கடிதம். செத்தவர்களை ஏசக்கூடாது என்று நாலு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி ஏலாது. அம்மாவைக் களவாகத்தான் தோற்கடித்தார்கள் என்று உன் மகள் தாரணி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்கு விட்டுப் போனது நீ. அது பொய் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நான்.

முதலில் உன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ குறை சொல்லக்கூடாது. வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மூன்று அங்கிள்மார் உன் வீட்டுக்கு வந்தார்கள். சோபாவில் வரிசையாக இருந்துகொண்டு, "பிள்ளை, ரெண்டு தமிழர் நிண்டால் எங்கட சனம் ரெண்டாப் பிரியும். அவர் ஐடியில பெரிய வேலை, நல்லா இங்கிலிஷ் கதைக்கிறார். நீங்கள் விட்டுக்குடுத்தால் எல்லாருக்கும் மரியாதை" என்றார்கள். நீ தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "அவரிட்டயும் போய் இதைக் கேட்டனீங்களோ அங்கிள்?" என்றாய். மூன்று பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். குசினி வாசலில் நின்ற எனக்கு அன்றைக்கு உன்மேல் எவ்வளவு பெருமை தெரியுமா?

இருபத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவள், அத்தான் போன பிறகு தனியாகப் பிள்ளையை வளர்த்தவள், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் ரோட்டைக் கடக்க ஒரு மஞ்சள் கடவை வேண்டும் என்று எத்தனையோ மனுக் கொடுத்தவள். இந்த நாட்டில் அது வெள்ளைக் கோடு என்று தாரணி எத்தனை தரம் திருத்தினாலும் உனக்கு அது மஞ்சள் கடவைதான். உன்னிடம் வந்து விலகு என்று சொல்ல அவர்களுக்கு என்ன தகுதி இருந்தது? எண்ணுவதற்கு முதல் விட்டுக்கொடு என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. இதில் நான் உன் பக்கம். இன்றைக்கும் உன் பக்கம்.

ஆனால் எண்ணின பிறகு?

அந்தப் பின்னேரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கார்த்திகேயனுக்கு ஐம்பத்தேழு, உனக்கு நாற்பத்தொன்று. கிளைத் தலைவர் இரண்டு தரம் வாசித்தார். தோற்றவர் எழும்பி, வென்றவரை ஏகமனதாகத் தெரிவு செய்கிறோம் என்ற தீர்மானத்தை வழிமொழிவது எங்கள் கிளையின் வழக்கம். இரண்டு வசனம். அதற்குப் பிறகு எல்லோரும் கை தட்டுவார்கள், பிறகு வடையும் தேத்தண்ணியும். முழு மண்டபமும் உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் காருக்குள் ஏறி இருந்தாய்.

நான் பின்னால் ஓடி வந்தேன். "அக்கா, ரெண்டு வசனம்தானே. சொல்லிப்போட்டு வா, வீட்டை போவம்" என்றேன்.

"என்னத்தை வழிமொழியிறது? களவையோ?"

"ஆர் களவெடுத்தது?"

"அறுபத்தொரு பேர் எனக்கு ஓம் எண்டவை, சுகந்தி. நாப்பத்தொண்டு வந்திருக்கு. மிச்ச இருபதும் எங்க, நடந்து போட்டுதோ?"

உன் குசினியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைத்தான் சொன்னாய். வீடு வீடாகப் போய், தேத்தண்ணி குடித்து, ஆதரவு கேட்டு, திரும்பி வந்து ஒவ்வொரு பேருக்கும் சிவப்புப் பேனையால் சரி போட்ட பட்டியல். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கார்த்திகேயன் வெளியே வந்து கார்க் கண்ணாடியில் தட்டினார். "அக்கா, உள்ள வாங்க. நீங்க இல்லாம எப்படிங்க?" என்றார். நீ கண்ணாடியை இறக்கவில்லை. காரை ஸ்டார்ட் பண்ணினாய்.

அக்கா, நீ என்ன வேலை செய்தாய் என்று தெரியுமா? உனக்கு வாக்குப் போட்ட நாற்பத்தொரு பேரையும் அந்தக் காருக்குள் ஏற்றிக்கொண்டு போனாய். "நான் ஒருத்தரையும் மறிக்கேல்லையே" என்று பிறகு என்னோடு சண்டை பிடித்தாய். மறிக்கத் தேவையில்லை. நீ உள்ளே வந்து அந்த இரண்டு வசனத்தைச் சொல்லியிருந்தால் அவர்களும் தேர்தல் வேலைக்கு வந்திருப்பார்கள். நீ வராதபோது அவர்கள் எந்த முகத்தோடு கார்த்திகேயனுக்கு உதவி செய்வார்கள்? வாக்கைக் களவெடுத்தார்கள் என்று கட்சித் தலைமையகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாய். மூன்றையும் தட்டச்சு செய்து தந்தவள் நான்தான், அதற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாட்ஸப் குழு இரண்டாகப் பிரிந்தது. கோயிலில் அவர்கள் வலப்பக்கம் நின்றால் நாங்கள் இடப்பக்கம். கலியாணவீட்டுக்குப் போனால் யார் எந்த மேசை என்று பார்த்து இருக்க வேண்டியிருந்தது.

தேர்தல் நாளன்று நான் வாக்குப் போட அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். வாக்குப் போட வருகிறவர்களுக்குச் சொசேஜ் சுட்டு விற்கிற புகைக்குள் சனம் வரிசையில் நின்றது. மற்றக் கட்சிக்காரர் ஆறு பேர் நின்று, எப்படி வாக்களிப்பது என்ற துண்டுக் கடதாசியைக் கையில் கையில் கொடுத்தார்கள். எங்கள் கட்சித் துண்டைக் கொடுக்க கார்த்திகேயனின் மனைவி மட்டும் தனியாக, ஒரு கையில் துண்டும் மற்றக் கையில் குடையுமாக நின்றார். நீ பிரசாரத்துக்குத் திரட்டின நாற்பது பேரில் ஒருவரும் வரவில்லை. நானும் துண்டு கொடுக்கவில்லை. வாக்கைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஒரு வகுப்பறைப் பிள்ளைகள் அளவு வாக்கில் எங்கள் கட்சி தோற்றது. வென்றவர் நாலு வருடமாக அந்தக் கடவைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

அது முடிந்து இரண்டு மாதத்தில் நீ போய்விட்டாய். வேலையில், வார்டுக்குள், கதிரையில் இருந்தபடி. செத்த வீட்டுக்குக் கார்த்திகேயன் வந்து பின்வரிசையில் நின்றார். "ஒரு போன் பண்ணுவாங்கன்னு நினைச்சிட்டே இருந்தேங்க. நானே பண்ணியிருக்கணும்" என்றார். "ஓம், பண்ணியிருக்க வேணும்" என்று நேரே சொன்னேன். கிளையில் வென்ற மனிசனுக்கு என்ன, வாயில் கொழுக்கட்டையா இருந்தது? தாரணி அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரின் மகளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையோடும் கதை பேச்சில்லை.

இனி நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

எண்ணினதில் ஒரு பிழையும் இல்லை, அக்கா. எனக்கு அன்றைக்கே தெரியும். வாக்கெடுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனிசன் நேசன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "நான் கார்த்திகேயனுக்குத்தான் போட்டனான்" என்றார். நீ செய்து கொண்டுவந்த ரோல்ஸைச் சாப்பிட்டபடி "ஓம் மச்சாள், இதெல்லாம் ஒரு கேள்வியோ?" என்று உனக்குச் சொன்ன அதே வாய். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் என்று கேட்டேன். "வீட்டுக்கு வந்து கேக்கிற மனிசிக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார். என் வீட்டிலேயே ஒரு சரி பொய் என்றால் மற்றப் பத்தொன்பதும் எங்கே என்று எனக்கு விளங்காதா?

எங்கள் சனத்தின் இந்த ஓம் இருக்கிறதே, அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொன்னால் மரியாதைக் குறைவாம். ஓம் என்று சொல்லிவிட்டு முதுகுக்குப் பின்னால் மாறிப் போட்டால் அது மரியாதையாம். அறுபத்தொரு வீட்டில் ஆளுக்கொரு தேத்தண்ணியும் ஓமும் தந்து உன்னை வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்கள். நீயும் ஒவ்வொரு ஓமையும் வாக்கென்று எண்ணினாய். வார்டில் நோயாளி "நோகேல்லை" என்றால் நம்பாத தாதி நீ, இதை எப்படி நம்பினாய்?

நான் ஏன் உன்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நீ என் வீட்டுப் படி ஏற மாட்டாய் என்ற பயம். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்தப் பயத்தில் உன்னைக் களவு கொடுத்தவளாகவே சாக விட்டேன். உன்மேல் எவ்வளவு கோபமோ அதைவிட இரண்டு மடங்கு என்மேல்.

இந்த முறை நான் நின்றபோது எல்லா வீட்டிலும் ஒன்றைத்தான் சொன்னேன். "எனக்குப் போடமாட்டியள் எண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்." முக்கால்வாசிப் பேர் அப்போதும் ஓம்தான். ஏழு பேர் மட்டும் இல்லை என்றார்கள். முதல் இல்லையைக் கேட்டுவிட்டு வந்து காருக்குள் அழுதேன். நேசனிடமும் கேட்டேன். ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவிவிட்டு, "இந்தமுறை உண்மையா ஓம்" என்றார்.

முப்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது என்று தலைவர் வாசித்தார். உடனே எழும்பினேன் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். எழும்பவில்லை. உன்னை நாலு வருடம் மனதுக்குள் ஏசின நான், கதிரையில் இருந்தபடியே எந்தச் சீட்டைத் திரும்ப எண்ணச் சொல்லலாம் என்று யோசித்தேன். தோற்றவளின் தலைக்குள் என்ன ஓடும் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரோ செருமினார்கள். கார்த்திகேயன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எழும்பி, "நான் வழிமொழியிறன். எனக்குப் போட்ட முப்பத்தெட்டுப் பேரும் தேர்தல் சனிக்கிழமை துண்டு குடுக்க வரவேணும், ஆர் வரேல்லை எண்டு நான் பாப்பன்" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். ஆனாலும் சொல்லி முடித்தேன்.

வடைக்கு நிற்கவில்லை. நேரே ஹோம்புஷில் தாரணியின் பிளாட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா யாருக்குப் போட்டார் என்பதையும், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். இனி இந்தப் பிள்ளையும் என் வீட்டுக்கு வராது என்று நினைத்தேன்.

"ஸோ, நோபடி சீட்டட்? ஒருத்தரும் ஏமாத்தேல்லையா?" என்றாள்.

"இல்லை."

"அம்மா ஜஸ்ட் லொஸ்ட்?"

"ஓம், பிள்ளை. அம்மா தோத்தவ. அவ்வளவுதான்."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். நாலு வருடத்தில் முதல் தரம் உனக்காக வாய்விட்டு அழுதாள், அக்கா. செத்த வீட்டில்கூட அவள் அழவில்லை, கோபமாகத்தான் நின்றாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "தோக்கிறது ஓகேதானே, சித்தி. இதை ஏன் அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டாள். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா, அக்கா?

இனிமேல் யாராவது என்னிடம் வந்து "பாவம் பவானி, அவவை ஏமாத்திப்போட்டாங்கள்" என்று சொன்னால், நான் ஓம் போடமாட்டேன். இல்லை, என் அக்கா நேர்மையாக நின்று நேர்மையாகத் தோற்றவள் என்று அவர்களின் முகத்துக்கு நேரே சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உனக்கு இல்லை என்று சொல்லப் பயந்த,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
சுகந்தி