சறுக்குக் கத்திக்கு இரண்டு தேசிக்காய்

என் பனித்தரை அண்ணாவுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன், அதுவும் எழுத்தில்.

நேற்றுத்தான் கனடாவிலிருந்து திரும்பினோம். பிரிட்ஜ்வாட்டர் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். மகள் தாரணியின் சறுக்குச் சப்பாத்து இரண்டும் எதிர்க் கதிரையில் வாயைத் திறந்தபடி காய்ந்துகொண்டிருக்கின்றன. நீங்கள் வந்தால் இருக்கும் கதிரை அது.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணா ஸ்காபரோவில் ஒரு சமூக மையத்தில் பனித்தரையைச் சீராக்கும் வண்டி ஓட்டினார். பருத்தித்துறையில் ஐஸ்பழம் தவிர வேறு பனி கண்டிராதவர், கனடாவுக்கு அகதியாக வந்து, அரைவாசி வாழ்க்கையைப் பனியை மினுக்குவதில் கழித்தார். அந்த வேலையில் அவருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பெண்கள் தனியாக ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்.

தொலைக்காட்சியில் அந்தப் பிள்ளைகள் ஆடும்போது நீங்கள் கதிரையில் இருக்க மாட்டீர்கள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நிற்பீர்கள். "ரெண்டு நெருப்புக்குச்சி அகலம் இல்லையடி சப்பாத்துக்கடியில இருக்கிற அந்தக் கத்தி. அதில நிண்டுகொண்டு சிரிக்கிறாள் பார்!" என்பீர்கள். அண்ணி தேத்தண்ணீரை உங்கள் கையில் தராமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். கையில் தந்தால் கொட்டும் என்று அவருக்குத் தெரியும்.

கனடாவில் ஜோடியாக ஆடுபவர்களும் ஐஸ் நடனக்காரர்களும் பதக்கத்தோடு வருவார்கள். தனியாக ஆடும் பெண்கள் மட்டும் சில வருடங்களாக நடுவில் எங்கேயோ நின்றுவிடுவார்கள். நீங்கள் சளைக்கவே இல்லை. "அடுத்த வருசம் பார், எங்கட பெட்டையள் மேடையில நிப்பினம்." இந்த வசனத்தை எத்தனை வருடம் கேட்டேன்! "என்ன அண்ணா, அடுத்த வருசம் வந்திட்டுதோ?" என்று போனில் உங்களைச் சீண்டுவதுதான் எனக்குக் குளிர்காலப் பொழுதுபோக்கு.

தாரணி உங்கள் வீட்டு நிலவறையில் நாங்கள் குடியிருந்தபோது பிறந்தவள். மூன்று வயதில் நீங்களே அவளைப் பனியில் இறக்கிவிட்டீர்கள். பிறகு இவருக்கு வேலை நியூ ஜெர்சியில் கிடைத்து நாங்கள் இங்கே வந்துவிட்டோம். பனி மட்டும் அவளை விடவில்லை. ஆறு வருடமாக விடியற்காலையில் எழுந்து அவளை ரிங்குக்கு டிரைவ் பண்ணுகிறேன். அந்த நேரத்தில் ஃப்ரீவேயில் என்னையும் பால் வண்டிகளையும் தவிர யாரும் இல்லை.

தேசிக்காய்க் கதையைச் சொல்லாமல் விட முடியுமா? கோபிக்காதீர்கள், அது இல்லாமல் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. தாரணிக்குப் பத்து வயதானபோது முதல் தரமான கத்தியும் சப்பாத்தும் வாங்கினோம். அதைப் பார்க்கவே நீங்கள் பத்து மணித்தியாலம் கார் ஓட்டி வந்தீர்கள். கோயிலில் பூசை வைத்து, வீட்டு டிரைவ்வேயில் சீமெந்துத் தரையில் இரண்டு தேசிக்காயை வைத்தீர்கள். இங்குள்ள இந்தியச் சிநேகிதிகள் எலுமிச்சம்பழம் என்பார்கள். புது வாகனத்தின் சில்லுக்கடியில் நாம் எல்லாரும் வைப்பதுதான்.

"காருக்கு நாலு, காலுக்கு ரெண்டு. ஏறி நசுக்கு பிள்ளை" என்றீர்கள்.

"மாமா, மை கார்ட்ஸ்!" என்று அவள் கத்தியில் மாட்டும் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினாள்.

"கத்திதான் வெட்ட வேணும். உறை வெட்டினால் ஆருக்குப் பலன்?"

வெறும் கத்தியோடு சீமெந்தில் கால் வைத்த பிள்ளைகளை இத்தனை வருடமாக வண்டியிலிருந்து ஏசி ஏசித் தொண்டை வற்றிய மனுசன் நீங்கள். அன்றைக்கு அது எல்லாம் எங்கே போனது? தேசிக்காய் வெட்டுப்பட்டது. கத்தி கரகரவென்று சீமெந்தில் இறங்கிப் பல்லுப் பல்லாய்ப் போனது. மறுநாள் முதல் திருப்பத்திலேயே தாரணி குப்புற விழுந்தாள். பயிற்சியாளர் கத்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினீர்கள். அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை. நானும் உங்களைச் சும்மா விட்டேனா? வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

இப்போது தாரணிக்குப் பதினாறு. இன்னும் எந்த நாட்டுக்காகவும் ஆடியதில்லை. பிறந்த நாடு கனடா என்பதால், விரும்பினால் அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்து, இலையுதிர்காலத் தகுதிப் போட்டியில் ஆடலாம். இரண்டு வருடமாக நீங்கள் இதையே கதைத்தீர்கள். நான் மறுத்தேன். "உங்கட பெட்டையளுக்கு எதிர்காலமே இல்லை அண்ணா. இவளை ஏன் அதுக்குள்ள தள்ளுறியள்? படிச்சு நல்ல காலேஜுக்குப் போகட்டும்."

போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீடியோவில் வந்தீர்கள். மூக்கில் குழாய். அப்போதும் அதே பேச்சு.

"தாரணி ஒருக்காவாவது எங்கட நாட்டுக்கு ஆடட்டும் பிள்ளை."

"பாப்பம் அண்ணா" என்றேன்.

பிள்ளைகள் ஏதாவது கேட்கும்போது நாம் சொல்லும் "பாப்பம்" அது. உங்களுக்கு அது விளங்கியது. சிரித்தீர்கள். இரண்டாம் நாள் அண்ணி போன் பண்ணினார். நான் உங்களுக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுவாகிவிட்டது. இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, அண்ணா?

இந்த மன அரிப்பில்தான் டொராண்டோவுக்குப் பக்கத்தில் நடந்த கோடைப் போட்டிக்குத் தாரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியூர்ப் பிள்ளைகளும் ஆடக்கூடிய போட்டி. உண்மையைச் சொல்கிறேன், நல்ல மனதோடு போகவில்லை. அங்கே ஆள் குறைவு, அதனால் அணியில் இடம் சுலபமாகக் கிடைக்கும் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

முதல்நாள் காலைப் பயிற்சி. நான் போர்வையும் பிளேன்டீ போத்தலுமாகப் படிக்கட்டு ஆசனத்தில் இருந்தேன். பக்கத்தில் பெரிய கைகள் கொண்ட ஒரு வெள்ளைக்கார மனுசன். வடக்கே ஏதோ சுரங்க ஊராம், இரண்டு நாள் கார் ஓட்டி வந்திருந்தார். அவர்கள் ஊரில் அரை வருடம்தான் பனித்தரை இருக்கும். மிச்ச அரை வருடம் மகள் தேவாலய மண்டபத்தில் வெறுங்காலோடு பாய்ந்து பழகுவாளாம். "தட்ஸ் ஹெர். ப்ளூ க்ளவ்ஸ்" என்று காட்டினார்.

நீலக் கையுறை போட்ட அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயது இருக்கும். முன்னோக்கி ஓடி எழும்பி மூன்றரைச் சுற்றுச் சுற்றி இறங்கும் பாய்ச்சலைப் பழகிக்கொண்டிருந்தாள். பெண்களில் வெகு சிலரே செய்வது என்று நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தீர்களே, அதேதான். விழுந்தாள். இடுப்பில் ஒட்டிய பனித்தூளை மாத் தட்டுவதைப் போலத் தட்டிவிட்டு மறுபடி ஓடினாள். மறுபடி விழுந்தாள். ஏழு தடவை எண்ணினேன். ஒவ்வொரு விழுகைக்கும் என் இடுப்பு நொந்தது. தகப்பன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

எட்டாவது தடவை அவள் எழும்பியபோது நானும் எழும்பிவிட்டேன் அண்ணா. எனக்கே தெரியாமல். நெஞ்சில் கை. அவள் சுற்றியது கண்ணுக்குப் பிடிபடவில்லை, ஒரு நீலக் கோடுதான் தெரிந்தது. பிறகு அந்தச் சத்தம். ஒற்றைக் கத்தி பனியில் இறங்கும் சின்ன "டக்". அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வளைவு, கையை விரித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் போல. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதைவிடப் பெரிய அதிசயம் அடுத்தது. அவளோடு போட்டி போட வந்த பிள்ளைகள் எல்லாரும் பனித்தரையைச் சுற்றியிருக்கும் பலகைத் தடுப்பை இரண்டு கையாலும் அடித்தார்கள், அதுதான் அவர்களின் கைதட்டல். ரிங் முழுக்க அதிர்ந்தது. என் தாரணியும் அடித்தாள். சீனப் பிள்ளைகள், பிரெஞ்சு பேசும் பிள்ளைகள், ஒரு பஞ்சாபிப் பிள்ளை, எல்லாரும். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகப் பார்க்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வயதில் ஒருத்தி மூன்று சுற்றுப் பாய்ச்சலை அடுத்தடுத்து இரண்டு போடுகிறாள். இன்னொருத்தி பாயவே இல்லை, சும்மா ஓடுகிறாள், பார்க்க உடம்பு சிலிர்க்கிறது. இவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்? நான் பார்க்காததால் இல்லையென்று நினைத்துவிட்டேனா?

நான் நிபுணர் இல்லை. ஜப்பான் பிள்ளைகள் எவ்வளவு தூரம் முன்னால் போய்விட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் பெரியவர்கள் பிரிவுச் சர்வதேசப் போட்டிகளுக்கு இப்போது பதினேழு வயதாக வேண்டும். சின்ன உடம்போடு வந்து இரண்டு வருடத்தில் காணாமல் போகும் காலம் முடிந்தது. ஆறுதலாக வளர்ந்து, விழுந்து, எழும்பி வருகிறவர்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அரை வருடம் மண்டபத்தில் பாய்கிறவளுக்கும்தான். உங்கள் அடுத்த வருசம் இன்னும் நாலைந்து வருசம் தள்ளி இருக்கலாம். ஆனால் அது நடந்து வந்துகொண்டிருக்கிறது, என் கண்ணால் கண்டேன்.

இவர் போட்ட கணக்கு அங்கேயே உடைந்தது. காலியான கதிரை ஒன்றும் அங்கே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் தாரணியிடம் மெல்லக் கேட்டேன்.

"பிள்ளை, இங்க லேசில்லை போல. உனக்கு இடம் கிடைக்காமலும் போகலாம். வேண்டாம் எண்டால் விடுவம்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அம்மா, தே ஆர் ஸோ குட். தட்ஸ் வை ஐ வான்ட் டு பி ஹியர்."

நீங்கள் இருந்திருந்தால் மேசையில் தட்டியிருப்பீர்கள்.

மறுநாள் போட்டி. உடை மாற்றும் அறைக்கு வெளியே தாரணி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் இரண்டு தேசிக்காய். எனக்குத் தெரியாமல் அண்ணி வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"ஃபார் மாமா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவசரமாக, "வித் கார்ட்ஸ், அம்மா! வித் கார்ட்ஸ்!" என்று காலைத் தூக்கி உறையைக் காட்டினாள்.

நீலக் கையுறைப் பிள்ளை பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன என்று கேட்டாள். தாரணி உங்கள் கதை முழுவதும் சொன்னாள். சீமெந்து, பல்லுப் போன கத்தி, நீங்கள் கையை உயர்த்தியது, எல்லாம். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவள் முகம் மாறியது. பயந்த பிள்ளையின் முகம். அப்போதுதான் அவளும் ஒரு குழந்தை என்று உறைத்தது.

"டூ யூ ஹாவ் அனதர் ஒன்?" என்று கேட்டாள்.

வேறு இல்லை. தாரணி ஒரு விநாடி யோசித்தாள். அந்தப் பிள்ளை நன்றாக ஆடினால் தனக்கு இடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா? தன் இரண்டில் ஒன்றை எடுத்து அவள் காலடியில் வைத்தாள். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்றாக நசுக்கினார்கள். அந்த ரிங்கில் வண்டி ஓட்டும் மனுசன் தண்ணீர்த் துடைப்பானோடு வந்து, ஒன்றும் கேட்காமல் துடைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளை போட்டியில் அந்தப் பாய்ச்சலில் விழுந்தாள், எழும்பி மிச்சத்தை முடித்து இரண்டாவதாக வந்தாள். தாரணி ஒன்பதாவது. ஒரு தடவை விழுந்தாள், சிரித்துக்கொண்டே எழும்பினாள். நான் முழு நேரமும் நின்றுகொண்டே பார்த்தேன்.

கிளப்பில் சேரும் படிவம் இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் சற்று முன்னர் போட்டுவிட்டேன். அவள் உங்கள் நாட்டுக்காக மேடை ஏறுவாளா என்று எனக்குத் தெரியாது. ஆடுவாள், அது மட்டும் நிச்சயம். இலையுதிர்காலப் போட்டிக்கு நான் ஒரு பை நிறையத் தேசிக்காய் கொண்டுபோவேன். எத்தனை பிள்ளைகள் கேட்டாலும் தட்டுப்பாடில்லாமல். எல்லாருக்கும் உறையோடுதான், பயப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஓம் அண்ணா.

இனி எழுந்து நின்றே பார்க்கப்போகும்,
உங்கள் தங்கச்சி
சுகந்தி