சூளகிரிப் பெரியவர் வந்தால்

என்னங்க, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டு உறை மாறிக் கிடந்ததற்கு நேற்று கத்திவிட்டேன். அந்தத் தட்டை எனக்கு விற்ற சூளகிரி நாராயணப்பன் ஐயா காலையில் போன் செய்தார். "போன வாரம் நீ டூட்டிக்குப் போனப்ப உன் வீட்டுக்காரரே ரெண்டு பக்கமும் போட்டுக் காட்டினாரும்மா. இன்னிக்கும் வரட்டா?"

விற்றவர் ஆசைப்பட்டால் எப்போதும் வந்து கேட்கலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் பழைய தட்டுகளை வாங்குவது என் வழக்கம். "இது வீடா, சத்திரமா?" என்று திட்டிய நீங்களே அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ரொம்ப நன்றிங்க.

மதியம் வருவார். சர்க்கரை இல்லாமல் காபி கொடுங்கள். நேற்று கோபத்தில் நான் பூட்டிய தட்டு அலமாரியைத் திறந்தே வைத்திருக்கிறேன். கம்பெனி பஸ் வந்துவிட்டது.

சுகுணா

அவர் வராவிட்டாலும் ஏதாவது போட்டுக் கேளுங்கள். உறை மாறினால் மாறட்டும்.