ஜெட் ஸ்கீயும் உங்கள் காதும்

என்னங்க,

ஒரே வீட்டுக்குள் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நான் கத்தினால் துபாயில் நம் கராமா பகுதி முழுக்கக் கேட்கிறது, உங்களுக்குத்தான் கேட்பதில்லை.

இந்தக் கோடை முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் கடலில் அந்த இரைச்சல் பிடித்த தண்ணீர் பைக்கை, ஜெட் ஸ்கீயை, ஓட்டிவிட்டு வந்து, காதுக்குள் வண்டு கத்துகிறது என்கிறீர்கள். காதில் வைக்க ரப்பர் அடைப்பான் வாங்கிக் கொடுத்தால், "போடி, ஃபிரண்ட்ஸ் சிரிப்பாங்க" என்கிறீர்கள்.

நேற்று நான் கடைக்குப் போயிருந்தபோது நம் குழந்தை சம்யுக்தா குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியவில்லை. நான் வந்து கதவை இடித்துத் திறக்கும்வரை "அப்பா, அப்பா" என்று அலறியிருக்கிறாள். நீங்கள் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்பா அப்போ வீட்ல இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாடி, கீழ போயிருந்தாரு" என்று பொய் சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். நாளை காது டாக்டரிடம் போகிறோம்.

சமையலறையிலிருந்து,
உங்கள் மனைவி