தலையணையில் மாம்பழ வாசனை

ஜாபிர்,

லுல்வாவை அழைத்துவர மருத்துவமனைக்குப் போகிறேன். அஸர் தொழுகைக்கு முன் வந்துவிடுவோம். மச்பூஸ் சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

அவள் அறைத் திரைகளைத் துவைத்து மொட்டைமாடியில் போட்டிருக்கிறேன். அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டே நீங்கள் இழுத்த மாம்பழ வேப் சிகரெட்டின் ஆவியெல்லாம் அதில்தான் படிந்திருந்தது. காய்ந்ததும் மாட்டுங்கள். ஜன்னலை மூட வேண்டாம்.

வாசனையை மறைக்கப் பகூர் தூபம் போடாதீர்கள். போன வெள்ளிக்கிழமை என் அக்கா வருகிறாள் என்று இரண்டு முறை போட்டீர்கள். அன்றுதான் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. தூபக்காலைப் பரண்மேல் வைத்துவிட்டேன். உங்கள் அம்மா கேட்டால் நான்தான் வைத்தேன் என்று சொல்லுங்கள்.

"வெறும் ஆவிதானே, என்னமோ வீட்டையே கொளுத்தின மாதிரி பேசுறே" என்றீர்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

முனீரா

பி.கு. நேற்று அவள் தலையணையையும் துவைத்து மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். முகர்ந்து பார்த்தாள். "மாம்பழ வாசனையே இல்லையேம்மா. பாபா வீட்டை விட்டுப் போயிட்டாரா?" என்றாள். நாங்கள் வரும்போது வாசலில் நில்லுங்கள். கையில் அந்த வேப் வேண்டாம்.