கிணற்றில் ஏழு ஆமை

21-2-1957

தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று கிணற்றில் ஓர் ஆமை விட்டிருந்தேன். வாளி இறங்கினால் தலை தூக்கிப் பார்க்கும். ஒன்றுக்கே இவ்வளவு சந்தோஷம் என்றால் ஏழுக்கு ஏழு மடங்கு என்று புத்தி போயிற்று. இன்னும் ஆறு வாங்கி விட்டேன். இன்று காலை மீனாட்சி தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இதுல நம்ம பழைய ஆமை எதுங்க?"

எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் அது உறுத்தியது.

சாயங்காலம் கிணற்றில் இறங்கி ஏழு ஆமைகளையும் பிடித்துச் சாக்கில் போட்டேன். கண்மாய்க் கரையில் சாக்கை அவிழ்த்தேன். ஆறு நேரே தண்ணீருக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் நின்று, கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. தூக்கி வந்துவிட்டேன்.

"இதுதான் அதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று சிரிக்கிறாள்.

சொல்ல முடியாதுதான். விடியட்டும், வாளியை நானே இறக்கப்போகிறேன்.