கை முந்திய இடம்

அன்புள்ள மூத்தவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். என் கண்ணுக்குச் சொட்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய உங்கள் குழுவின் நான்கு ஆல்பங்களையும் வெளிவந்த வரிசையிலேயே கேட்டேன். எனக்கு இருப்பது இயற்பியல் வாத்தியாரின் காது. தவறாகச் சொன்னால் தள்ளிவிடு. முதல் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தாளத்தை ஏழு ஏழாக எண்ணி, நடுவில் எண்ணிக்கையை உடைத்து, மறுபடி சேர்கிறீர்கள். இரண்டாவதில் வயலின் கூட்டமே வந்துவிட்டது. கொஞ்சம் ஆடம்பரம், ஆனாலும் எதையோ தேடினீர்கள். மூன்றாவதில் பாட்டுகள் சுருங்கின, உன் குரல் பெரிதானது. டிரம்ஸ் வாசித்த உன் தம்பியைக் குழுவிலிருந்து நீ வீட்டுக்கு அனுப்பியதும் அப்போதுதான். நான்காவதில் அவன் இடத்தில் டிரம்ஸ் மெஷின், எல்லாமே நாலு நாலு. காபி ஆறுவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அதைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள் என்கிறாய். இருக்கலாம்.

இந்த நான்காவது ஆல்பம் வந்திருப்பதைச் சின்னவனிடம் சொன்னேன். "மெஷின் நல்லா வாசிக்குதாப்பா? எதிர்த்துப் பேசாதுல்ல, அண்ணனுக்கு வசதிதான்" என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். பெயின்ட் கடையில் டப்பாக்களைக் குலுக்கிக் கலக்கும் வேலை. தோள் வலிக்கிறது என்கிறான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். முதல் ஆல்பத்தை மறுபடி வெளியிடும்போது, அந்த நீளப் பாட்டின் நடுவில் சின்னவன் கை தாளத்தை முந்திய இடத்தை மெஷின் வைத்துச் சரிசெய்ய வேண்டும், அவன் சம்மதத்தை நான் வாங்கித் தர வேண்டும் என்றாய். "நீங்க சொன்னா கேப்பான்ப்பா" என்றாய். கேட்பான். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை.

அன்று நம் பின்னறையில் அதைப் பதிவு செய்கையில் அவன் முந்தியபோது நீங்கள் எல்லோரும் அவன் தாளத்தின் பின்னால் ஓடினீர்கள். "இதை மட்டும் மாத்தவே கூடாதுடா" என்று குதித்தவன் நீ. நான் கதவருகே நின்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை, இடது கை மட்டும் மேசையில் தட்டியது. அந்த இடம் வந்ததும் கை முந்தியது. பாதித் தட்டோடு எழுந்துவிட்டான்.

யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவன் நான். உன்னிடம் சொல்கிறேன்: என்னால் முடியாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் நீயே வந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாயிரு. சாப்பாட்டு வேளையில் வா. மூன்று தட்டு வைக்கிறேன். யாரும் பாதியில் எழுந்து போகாமல் முடிந்தால் எனக்குப் போதும்.

உங்கள் இருவருக்கும்
அப்பா